பார்க்காத படத்தைப் பற்றி எழுதலாமா?

அன்புள்ள ஐயா,

நான் திருவையாற்றில் எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். எங்கள் ஊர்க்காரரான பழைய நடிகை டி.பி. ராஜலட்சுமியைப் பற்றி ஆய்வேடு எழுத ஆசை. ஆனால் அவர் நடித்த ‘காளிதாஸ்’, அவரே இயக்கிய ‘மிஸ் கமலா’ (1936) இரண்டு படங்களுக்குமே பிரதி இல்லை. “பார்க்காத படத்தைப் பற்றி என்னத்தை எழுதுவாய், வேறு தலைப்பு எடு” என்கிறார் வழிகாட்டி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

க., திருவையாறு

அன்புள்ள க.,

உங்கள் வழிகாட்டி சொல்வதில் பாதி சரி. பார்க்காத படத்துக்கு விமர்சனம் எழுத முடியாது. பழைய பத்திரிகைப் பாராட்டை வைத்துக்கொண்டு ‘நடிப்பு அபாரம்’ என்று எழுதித் தள்ளியவர்கள் ஏற்கெனவே நிறைய. அந்த வரிசையில் நீங்களும் நிற்க வேண்டாம். வரலாறு தாராளமாக எழுதலாம்.

அந்தக் கால நைட்ரேட் படச்சுருள் சுலபமாகத் தீப்பிடிக்கும், சும்மா வைத்தாலும் மக்கும். ஓட்டித் தேய்ந்ததை அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கியும் விட்டார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964இல்தான். போனது போகட்டும்.

‘காளிதாஸ்’ பம்பாயில் எடுத்த படம், இயக்கம் எச்.எம். ரெட்டி. 1931 அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் வந்தது. முதல் தமிழ்ப் பேசும்படம் என்று பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். அதில் ராஜலட்சுமி தமிழில் பேசுகிறார், கதாநாயகன் தெலுங்கில் பேசுகிறார். கதை வடமொழிக் கவிஞனுடையது. இடையில் உங்கள் ஊர்த் தியாகராஜரின் கீர்த்தனை. போதாததற்கு காந்தியின் ராட்டையைப் புகழ்ந்து ஒரு பாட்டு. காளிதாசன் கதையில் ராட்டைக்கு என்ன வேலை?

உங்கள் ஆய்வேடு அங்கே தொடங்கட்டும். வெவ்வேறு ஊர் நடிகர்களை ஒரு ராத்திரிக்கென்று சேர்த்து ஆடும் ஸ்பெஷல் நாடக மேடையில் இதெல்லாம் சகஜம். ‘வள்ளி திருமண’த்தில் தினைப்புனத்துக் கொக்கை விரட்டும் பாட்டு வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டாகிவிடும், போலீஸ்காரனுக்கும் புரியும், தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் புரியும். கதைக்குப் பொருந்துகிறதா என்று யாரும் கேட்டதில்லை. ராஜலட்சுமி மேடையிலிருந்து வந்தவர். அந்தப் பழக்கம் கேமரா முன்னாலும் தொடர்ந்தது என்று ஒரு அடி சுருள்கூட இல்லாமல் வாதாடலாம்.

இன்னொரு முனையையும் பிடித்துக்கொள்ளுங்கள். பாபநாசத்துக்காரர் கே. சுப்ரமணியம் எடுத்த ‘தியாகபூமி’ (1939) நல்லவேளையாகத் தப்பியிருக்கிறது. வெளியான பிறகு வெள்ளைக்கார அரசு தடை செய்த படம். கடைசியில் தேச சேவைக்கு அழைக்கும் ஊர்வலம், பின்னணியில் டி.கே. பட்டம்மாள் குரல். அங்கே பாட்டு இடைச்செருகல் இல்லை, கதையே அதை நோக்கித்தான் போகிறது. எட்டு வருஷத்தில் தேசபக்திப் பாட்டு கதைக்குள் எப்படி வந்து சேர்ந்தது? ஆய்வேட்டுக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

இதற்கு நடுவிலுள்ள வருஷங்களுக்கு, படத்தோடு தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம்தான் கதி. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேளுங்கள். திரைப்பட வரலாற்றாசிரியர் சு. தியடோர் பாஸ்கரன் எழுதியவற்றை முதலில் படித்துவிட்டுப் போனால் நல்லது. பாட்டுப் புத்தகத்தின் கதைச் சுருக்கத்தை மட்டும் ரொம்ப நம்பாதீர்கள். கதாநாயகி காட்டில் தனியாக நிற்கும்போது ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று கழன்றுகொள்ளும். பாட்டுக்கு மேலே போட்டிருக்கும் ராகம், தாளம், மெட்டுக் குறிப்பைப் பாருங்கள். நடிகர் பட்டியலில் யாருக்குப் பெரிய எழுத்து, யாருக்குப் பொடி எழுத்து என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.