எதேச்சை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

'அவரை எதேச்சையாகச் சந்தித்தோம்' என்று என் பேத்தி கட்டுரை ஒன்றில் எழுதியிருந்தாள். யதேச்சை என்றால் தன் இஷ்டப்படி என்றுதானே பொருள்? தவறு என்று அடித்துவிட்டேன். அவளோ அகராதியைத் திறந்து, 'தற்செயலாக' என்று போட்டிருப்பதைக் காட்டுகிறாள். பிழையைப் பலரும் செய்தால் அது சரியாகிவிடுமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆகிவிடும். ஒரு சொல்லை ஊரே ஒரு பொருளில் புழங்கத் தொடங்கிவிட்டால் அதுதான் அதன் பொருள்.

யதா, இச்சை என்ற வடசொற்கள் சேர்ந்து வந்தது யதேச்சை. விருப்பம்போல் நடப்பது என்று பொருள். மனம்போல் நடப்பவனிடம் முன்திட்டம் இருக்காது. முன்திட்டம் இல்லாமல் நடப்பது தற்செயல். பொருள் இப்படித்தான் மெல்ல நகர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பழைய பொருளும் செத்துப்போகவில்லை. எதேச்சாதிகாரம் என்ற சொல்லுக்குள் அப்படியே இருக்கிறது. பேத்தியிடம் இதைச் சொல்லுங்கள், அடித்ததை எடுத்துவிடுங்கள்.

'பிரமாதம்' இதைவிடத் தூரம் போன சொல். வடமொழியில் அது கவனக்குறைவு, பிழை. நாம் நல்ல கச்சேரி கேட்டுவிட்டுப் பிரமாதம் என்கிறோம். பாடியவர் மகிழ்கிறார். சரி, இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. புதிய பொருளை மட்டும் தெரிந்துகொண்டு பழைய வரியைப் படிக்கும்போது வருவது அது. மொட்டுக்குள் அடங்கிய மணத்தை 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்' என்கிறது குறள் (1274). 'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ' என்று வெண்சங்கிடம் கேட்கிறாள் ஆண்டாள். மாதவனின் 'வாய்ச்சுவையும் நாற்றமும்' எப்படியிருக்கும் என்று, அவன் உதட்டில் பட்ட சங்கிடமே கேட்கும் ஏக்கம் அது. இதை வகுப்பில் வாசித்தால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தமிழில் எழுதப்பட்ட காதல் வரிகளில் இதற்கு இணையாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அது அவர்களிடம் போய்ச் சேராமலே நின்றுவிடுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்காக, நாற்றம் என்றால் மணம் என்று இன்றைய பேச்சில் திருப்பிக் கொண்டுவர முடியாது. முயலவும் வேண்டாம். பாடலைச் சொல்லித் தருவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டால் போதும்: நாற்றமே கெட்ட வாடை என்றால், துர்நாற்றத்தில் 'துர்' எதற்கு? கொஞ்சம் யோசிக்க விடுங்கள். பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் ஆண்டாளை வாசியுங்கள்.