சிறுநீர்க் குழாயும் பையுமாகத் தொழுதால் கூடுமா?

கேள்வி: என் வாப்பாவுக்கு வயது 74. புராஸ்டேட் அறுவைச் சிகிச்சை முடிந்து, சிறுநீர்க் குழாயும் பையுமாக என் வீட்டில் இருக்கிறார். குழாயை எடுக்க இன்னும் இரண்டு வாரம் ஆகுமாம். "இந்த நஜீஸோடு (அசுத்தத்தோடு) முஸல்லாவில் (தொழுகை விரிப்பில்) எப்படி நிற்பது?" என்று தொழுகையையே விட்டுவிட்டார். மத்ஹபில் (இஸ்லாமியச் சட்ட வழியில்) அவர் ஷாஃபிஈ, என் கணவர் வீட்டார் ஹனஃபி. ஆளுக்கொரு சட்டம் சொல்கிறார்கள். தண்ணீருக்குப் பதிலாக மண்ணால் தயம்மும் செய்துவிட்டுத் தொழலாமா?

பதில்: சகோதரி, வாப்பாவின் தொழுகை கூடும். கூடும் என்பதோடு, அதை விடுவதற்கு அவருக்கு அனுமதியும் இல்லை. ஒரு சொட்டு தெறித்தாலும் கைலியை மாற்றியே பழகிய மனிதருக்கு இது எவ்வளவு பெரிய வேதனை என்பது புரிகிறது. அதனால் அவரிடம் சட்டத்தைச் சொல்வதற்கு முன் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள்.

நபி (ஸல்) அவர்களிடம் ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி), "இரத்தம் நிற்பதே இல்லை, தொழுகையை விட்டுவிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றார்கள் நபியவர்கள். அது நரம்பிலிருந்து வரும் இரத்தம். மாதவிடாய்க்குரிய நாட்கள் முடிந்ததும் கழுவிவிட்டுத் தொழ வேண்டும், ஒவ்வொரு தொழுகைக்கும் ஒளு (தொழுகைக்காக முகம், கை, கால் கழுவுவது) செய்துகொள்ள வேண்டும் என்று வழிகாட்டினார்கள். நிற்காமல் சிறுநீர் கசிபவருக்கான சட்டத்தையும் அறிஞர்கள் இதை வைத்தே எடுத்தார்கள். இன்னொன்று, கத்திக் குத்துக்கு ஆளான இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காயத்திலிருந்து இரத்தம் வழிந்துகொண்டிருக்கும்போதே தொழுதார்கள். வாப்பாவுக்கு அந்தக் காட்சி போதும்.

தயம்மும் வேண்டாம். அது தண்ணீர் கிடைக்காதவருக்கும், தண்ணீர் பட்டால் கேடு வரும் என்பவருக்கும் உரியது. வாப்பாவின் கைக்கும் முகத்துக்கும் காலுக்கும் தண்ணீரால் எந்தக் கேடும் இல்லை. சிறுநீர் கசிகிறது என்பதற்காகத் தயம்மும் செய்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். செய்ய வேண்டிய ஒளுவை விட்டுவிடுகிறோம் என்பதை அவர்கள் உணர்வதில்லை.

ஷாஃபிஈ முறைப்படி, லுஹர் (நண்பகல்) தொழுகை என்றால், அதன் நேரம் நுழைந்த பிறகே தொடங்க வேண்டும். முன்கூட்டிச் செய்த ஒளு இவருக்குச் செல்லாது. பாங்கு சொன்னதும் பையின் அடியிலுள்ள திறப்பு வழியாகச் சிறுநீரை வடித்துவிடுங்கள். குழாய் வெளியே வரும் இடத்தைச் சுற்றி, நர்ஸ் காட்டித் தந்தபடி கழுவுங்கள். அடியில் துணியோ பேடோ வைத்திருந்தால் புதிதாக மாற்றுங்கள். பிறகு ஒளு. நிய்யத்தில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு: தொடக்கை (ஒளு இல்லாத நிலையை) நீக்குகிறேன் என்று நினைக்காமல், தொழுகையை ஆகுமாக்கிக்கொள்வதற்காக என்று நினைக்க வேண்டும். ஒளு முடிந்ததும் தாமதமின்றித் தொழ வேண்டும். ஜமாஅத்துக்காக (கூட்டுத் தொழுகைக்காக) காத்திருப்பது குற்றமில்லை. ஓர் ஒளுவுக்கு ஒரு ஃபர்ளுதான் (கடமையான தொழுகை). சுன்னத்துகளை (உபரித் தொழுகைகளை) விரும்பிய அளவு தொழலாம். அஸருக்கு (பிற்பகல் தொழுகைக்கு) மறுபடியும் முதலிலிருந்து.

ஹனஃபியில் இவரை மஃதூர் (தக்க காரணம் உள்ளவர்) என்பார்கள். ஒரு ஃபர்ளுத் தொழுகையின் நேரம் முழுவதும், ஒளு செய்து தொழுது முடிக்கிற அளவுகூட இடைவெளி கிடைக்காவிட்டால் அந்த நிலை ஏற்படும். அதன் பிறகு ஒவ்வொரு தொழுகை நேரத்திலும் ஒரு முறையாவது கசிந்தால் அது நீடிக்கும். அவருடைய ஒளு அந்த நேரம் முடியும்வரை நிற்கும். அதற்குள் எத்தனை ஃபர்ளும் களாவும் (விட்டுப்போன தொழுகையும்) தொழலாம். காற்றுப் பிரிவது போன்ற வேறு காரணத்தால் முறிந்தால் முறிந்ததுதான். இது இரு மத்ஹபுக்கும் பொது.

உங்கள் வீட்டில் இரு தரப்பாரும் தங்கள் மத்ஹபைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். வாப்பா தம் மத்ஹபிலேயே இருக்கட்டும். ஐந்து வேளையும் இது அவருக்குத் தாங்கவில்லை என்றால், ஹனஃபி முறையைப் பின்பற்றுவது பற்றி அவரை நேரில் அறிந்த ஆலிமிடம் கேளுங்கள்.

பையைச் சுமந்தபடி தொழுவதுதான் அவரை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். சுத்தமாக நிற்க ஆசைப்பட்டுச் சிலர் பையைக் குழாயிலிருந்து கழற்றிவிட்டுத் தொழ முயல்வார்கள். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். அந்த இணைப்பைத் திறக்கும்போதெல்லாம் கிருமி உள்ளே போக வழி ஏற்படுகிறது. கேடில்லாமல் அகற்ற முடியாத நஜீஸ் மன்னிக்கப்பட்டது. பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் சிறுநீர் திரும்பி உள்ளே போகும். குனிய வேண்டாமென்று மருத்துவர் சொல்லியிருந்தால் நாற்காலியில் உட்காரவைத்து, பையை நாற்காலிக் காலில் மாட்டுங்கள். ருகூவுக்கும் (குனிவதற்கும்) சுஜூதுக்கும் (நெற்றியைத் தரையில் வைப்பதற்கும்) தலையால் சைகை செய்யட்டும், சுஜூதுக்குத் தலையைச் சற்று அதிகமாகத் தாழ்த்தட்டும்.

குழாயை எடுத்த பிறகு சில வாரங்கள் சொட்டுவது உண்டு. அப்போது சட்டம் கொஞ்சம் மாறும். எந்த நேரத்தில் கசிவு நிற்கிறது என்று கவனியுங்கள். தொழுகை நேரத்துக்குள் ஒளு செய்து தொழுகிற அளவு வழக்கமாக நிற்கிறதென்றால், அந்த இடைவெளிக்காகக் காத்திருந்து அதில் தொழ வேண்டும்.

விட்டுப்போன வேளைகள் களாவாக நிற்கின்றன. அறுவைச் சிகிச்சை நடந்த தேதியிலிருந்து எண்ணி ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஷாஃபிஈ முறையில் ஒவ்வொரு களாவுக்கும் தனி ஒளு தேவைப்படும் என்பதால், அவற்றைக் குழாய் எடுத்து உடல் தேறிய பிறகு சிறிது சிறிதாகத் தொழுதுகொள்ளலாம். இன்றைய அஸரை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.