வாசகர் கேள்வி – பதில்: கறிவேப்பிலையின் மணம் யாருக்காக?

கேள்வி: எங்கள் தொடர்மாடி வீட்டின் பல்கனியில், சாடியொன்றில் கறிவேப்பிலை வளர்க்கிறோம். அருகிலுள்ள மற்றச் செடிகள் எதையும் தொடாத பச்சைப் புழு, இதை மட்டும் மொட்டையடித்துவிடுகிறது. இவ்வளவு மணமுள்ள இலை பூச்சியை விரட்ட வேண்டாமா? உயர்தரத்தில் உயிரியல் கற்கும் என் மகள், இத்தகைய உறவுகளைத் தாவர இரசாயனத்தின் வழியாக ஆராயும் துறை உண்டா என்று கேட்கிறாள்.
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: அந்த மணம் பல பூச்சிகளை விரட்டத்தான் செய்கிறது. ஆனால் ஒரு சில இனங்களுக்கு அதுவே வழிகாட்டி. உங்கள் சாடியில் இருப்பது பெரும்பாலும் தேசி வண்ணத்துப்பூச்சியின் புழுவாகவோ அதன் நெருங்கிய உறவினத்தின் புழுவாகவோ இருக்கும். காலை வெயிலில் சற்று நேரம் பல்கனியில் நின்று பாருங்கள். தாய்ப்பூச்சி இலைமேல் அமர்ந்து, முன்னங்கால்களால் அதைப் படபடவெனத் தட்டும். அக்கால்களில் சுவையறியும் நுண்மயிர்கள் உள்ளன. இலையின் சேர்வைகள் தன் குஞ்சுகளுக்கு ஏற்றவை என்று கண்டுகொண்ட பின்னரே வயிற்றை வளைத்து, தளிரில் வெளிர்மஞ்சள் முட்டை ஒன்றை ஒட்டிவிட்டுப் பறக்கும்.

கறிவேப்பிலை, தேசி, தோடை, வில்வம், விளாத்தி ஆகிய அனைத்தும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தோற்றத்தில் எவ்வளவு வேறுபட்டாலும் அவற்றின் இரசாயனத்தில் உறவு தெரிகிறது. நம் கண் இலையின் வடிவத்தைப் பார்க்கிறது; பூச்சியோ இலையின் சேர்வைகளைப் படிக்கிறது. அதனாலேயே, உருவத்தில் ஒன்றையொன்று ஒவ்வாத இம்மரங்கள் அனைத்திலும் அதே வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறது.

இதை ஊகத்திலிருந்து பரிசோதனைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஒல்லாந்துத் தாவரவியலாளர் வெர்ஷாஃபெல்ட். 1910இல் அவர், கோவாவைத் தின்னும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுக்களை எடுத்து, அவை வழக்கமாகத் தீண்டாத இலைகளில் கடுகுக் குடும்பத்துக்குரிய சினிகிரின் என்ற சேர்வையைப் பூசிக் கொடுத்தார். புழுக்கள் அவற்றைத் தின்றன. மற்றப் பூச்சிகளைத் தடுக்கும் காரம் இந்த இனத்துக்கு உணவின் அடையாளமாகிவிட்டது. 1959இல் பூச்சியியலாளர் ஃபிரெங்கல் இத்தகைய சேர்வைகள் தாவரத்தின் கழிவல்ல, பூச்சிகளுக்கு எதிரான பாதுகாப்பு என்று வலியுறுத்தினார். 1964இல் உயிரியலாளர்களான ஏர்லிக், ரேவன் ஆகிய இருவரும், தாவரம் புதிய நஞ்சை ஆக்குவதும் பூச்சி அதைக் கடப்பதும் மாறி மாறி நிகழ்ந்ததாலேயே இரு தரப்பிலும் இனங்கள் பெருகின என்று வாதிட்டனர்.

கடப்பது எப்படி என்பதற்கும் விடை உண்டு. தேசி வண்ணத்துப்பூச்சியின் அதே பேரினத்தைச் சேர்ந்த அமெரிக்க இனமொன்றின் குடலில், ஃபியூரனோகூமரின் என்னும் நச்சைச் சிதைக்கும் நொதியம் இருப்பது விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. உங்கள் புழுவை ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னிருந்து செந்நிறக் கவை ஒன்று நீண்டு, எறும்பு போன்ற எதிரிகளை விரட்ட, கெட்டுப்போன வெண்ணெயின் வாடையை வீசும். இலையிடம் தப்பியவருக்கும் எறும்பு இருக்கிறதல்லவா!

மகளுக்கு: இத்துறையின் பெயர் இரசாயனச் சூழலியல். ஜேர்மனியின் யெனா நகரில் 1996இல் இதற்கென்றே மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. இலையைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, வெளிவரும் ஆவியைப் பிடித்து, ஒவ்வொரு சேர்வையாகப் பிரித்து நிறை அளந்து இனங்காண்பது வேலையின் ஒரு பாதிதான். நூறு சேர்வைகளின் பட்டியல் கையில் இருந்தாலும், அவற்றுள் பூச்சி எதை உணர்கிறது என்பதைப் பூச்சியிடமே கேட்க வேண்டும். 1957இல் விலங்கியலாளர் ஷ்னைடர் பட்டுப்பூச்சியின் உணர்கொம்பை மின்வாய்களுக்கிடையில் பொருத்தி, மணம் படும்போது எழும் மின்துடிப்பை அளந்து காட்டினார். இன்றும் அந்த முறையே கைகொடுக்கிறது. ஆகவே இரசாயனவியலை மட்டும் கற்றுவிட்டு வெளிக்களத்தை விட்டுவிட வேண்டாம் என்பதே என் உறுதியான எண்ணம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் இரசாயனவியல், உயிரியல் ஆகிய இரு பாடங்களையும் கற்கலாம்.

அதுவரை தயவுசெய்து செடிக்கு மருந்து அடிக்காதீர்கள். ஒரு புழுவைச் சோற்றுப் பெட்டியில் இட்டு, கறிவேப்பிலைத் தளிர், முற்றிய இலை, தேசி இலை ஆகிய மூன்றையும் ஒரே அளவில் வைத்து, எதை எப்போது தொடுகிறது என்று மகள் நேரம் குறித்து எழுதட்டும்.

கேள்வி: கறுவாப்பட்டை எண்ணெயும் கறுவா இலை எண்ணெயும் வேறு வேறு என்கிறார்கள். ஒரே மரத்தில் அது எப்படி?
– வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: உண்மைதான். நம் நாட்டுக் கறுவாவின் பட்டையில் சினமல்டிகைட்டு என்னும் சேர்வையும், இலையில் கராம்பிலும் உள்ள இயுஜினோலும், வேர்ப்பட்டையில் கற்பூரமும் மேலோங்கி நிற்கின்றன. இலையைக் கடிப்பது புழு. வேரைச் சூழ்வது மண்ணின் பூஞ்சணமும் கறையானும். ஒவ்வோர் உறுப்பும் வெவ்வேறு எதிரிகளைச் சந்திப்பதாலேயே இப்படி அமைந்ததா என்ற கேள்வியிலிருந்துதான் இரசாயனச் சூழலியலாளர் தொடங்குவார். கறுவா இலை கையில் கிடைத்தால் கசக்கி முகர்ந்து பாருங்கள்; வருவது கறுவா மணமன்று, கராம்பின் மணம்.