நேத்து எஃப், இன்னைக்கு ஜி: ஹார்ட் டிஸ்க் லெட்டர் ஏன் மாறுது?

கேள்வி: கல்யாண வீடியோ எடிட் பண்றேன் சார். ஃபுட்டேஜ் எல்லாம் ஒரு டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. நேத்து வரைக்கும் எஃப் டிரைவ், இன்னைக்கு ஜி-ன்னு காட்டுது. பிரீமியர் ப்ரோல டைம்லைன் ஃபுல்லா செவப்பா 'மீடியா ஆஃப்லைன்'. டிஸ்க் போச்சா?

பதில்: டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல, பயப்படாதீங்க. எஃப், ஜிங்கிறதெல்லாம் டிஸ்க்குக்குள்ள எழுதி இருக்கிற பேரு இல்ல, உங்க கம்ப்யூட்டர்ல விண்டோஸ் குடுக்கிற சீட் நம்பர் மாதிரி. முன்னாடி காலியா இருக்கிற லெட்டரை யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்குக் குடுத்துடும். இன்னைக்கு டிஸ்க்குக்கு முன்னாடி ஒரு பென் டிரைவோ கேமரா கார்டோ சொருகியிருப்பீங்க, அது எஃப்ல உக்காந்துடுச்சு, உங்க டிஸ்க் நகர்ந்து ஜிக்கு போயிடுச்சு. பிரீமியர் பாவம், பழைய அட்ரஸ்லயே போய் கதவத் தட்டிட்டு நிக்குது.

இதுக்கு வழி, பஸ்ல துண்டு போட்டு சீட்டு பிடிக்கிற மாதிரி ஒரு லெட்டரை நாமளே பிடிச்சு வைக்கிறதுதான். பிரீமியரை மூடிட்டு, ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணி டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்க (அட்மின் அக்கவுன்ட்டா இருக்கணும்). ஒரு டிபி டிஸ்க் அங்க 931 ஜிபின்னுதான் காட்டும், அத வச்சு சரியான டிஸ்க்தானான்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்துக்கோங்க. அந்தப் பார்ட்டிஷன் மேல ரைட் கிளிக், 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்', அப்புறம் 'சேஞ்ச்', லிஸ்ட்ல எம் (மதுரைக்கு வர்ற எம்) செலக்ட் பண்ணி ஓகே. சில புரோகிராம் வேலை செய்யாம போகலாம்னு ஒரு வார்னிங் வரும், எஸ் குடுங்க. அதே மெனுவுல ஃபார்மேட், டிலீட் வால்யூம் எல்லாம் பக்கத்துலயே இருக்கும், அந்தப் பக்கம் கையக் கொண்டு போயிடாதீங்க!

ஏன் எம்முன்னா, ஈ எஃப் ஜி எல்லாம் படிக்கட்டு ஓரத்து சீட்டு, வர்ற பென் டிரைவ் எல்லாம் அங்கதான் உக்காரும். இசட் பக்கம் போனா ஆபீஸ் நெட்வொர்க் டிரைவ் அங்க இருந்து கீழ இறங்கி வரும். நடுவுல யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. ஏ, பி ரெண்டும் ஃப்ளாப்பி காலத்து மிச்சம், விட்டுடுங்க.

மாத்தினப்புறம் பிரீமியர் ஃபைல் எங்கன்னு கேக்கும், ஒரு கிளிப்பை மட்டும் லொகேட் பண்ணிக் காட்டுங்க, ஃபோல்டர் அமைப்பு மாறலன்னா மிச்சத்த அதுவே கண்டுபிடிச்சுக்கும். நாளைக்கே டெலிவரி, பத்து ப்ராஜெக்ட் ஓடுதுன்னா இப்போதைக்கு பென் டிரைவைக் கழட்டிட்டு டிஸ்க்குக்கு பழைய எஃப்பையே குடுத்துடுங்க, எல்லாம் உடனே வந்துடும், எம்முக்கு மாத்துறத சீசன் முடிஞ்சு பாத்துக்கலாம்.

லேப்டாப்லயும் எடிட் பண்ணுவீங்கன்னா அங்கயும் இதே எம்மை ஒரு தடவை செட் பண்ணணும், ஏன்னா இந்தத் துண்டு உங்க டெஸ்க்டாப்ல மட்டும்தான் கெடக்கு. தப்பா 'ரிமூவ்' அழுத்திட்டாலும் ஃபைல் எதுவும் அழியாது, லெட்டர் மட்டும் போயிடும், அதனால 'திஸ் பிசி'ல டிஸ்க்கே காணாம போயிடும். எனக்கு ஒரு தடவை அப்படி ஆகி அரை மணி நேரம் கேபிளை மாத்தி மாத்தி சொருகிட்டு இருந்தேன். அதே டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் 'ஆட்' குடுத்தா திரும்பி வந்துடும்.