பூவும் சாமியும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ஏற்காட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பூ, கோயில், சர்ச், தர்கா என எதைத் தொட்டும் கேட்கலாம். பரிகாரம், ஜாதகம் மட்டும் வேண்டாம். அது எனக்குத் தெரிந்த துறை இல்லை.

அஸ்தம்பட்டி வாசகி: சிவனுக்குத் தாழம்பூ வைக்கலாமா சார்?

வைப்பதில்லை அம்மா. அடிமுடி தேடிய கதைதான் காரணம். முடியைக் கண்டுவிட்டேன் என்று பிரம்மா சொன்ன பொய்க்குத் தாழம்பூ சாட்சி சொன்னதாம். அடுத்த முறை சிவன் கோயிலுக்குப் போனால் கருவறையின் பின்சுவரைப் பாருங்கள். அங்கே லிங்கோத்பவர், அதாவது லிங்கத்திலிருந்து வெளிப்படும் சிவன், இருப்பார். மேலே முடியைத் தேடும் அன்னமாகப் பிரம்மா, கீழே அடியைத் தேடும் பன்றியாகத் திருமால். கதை முழுவதும் அந்த ஒரே கல்லில் இருக்கிறது.

பனமரத்துப்பட்டி விவசாயி: கேரளாவில் அரளியைத் தடை செய்துவிட்டார்கள் என்கிறார்கள். நாங்கள் அரளியை நம்பித்தான் பிழைக்கிறோம்.

பயப்பட வேண்டாம். 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு சொன்னது, நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைச் சேர்க்கக் கூடாது என்பது. அது சரியான முடிவுதான். அரளியின் பூ, இலை, பட்டை, வேர் எல்லாமே விஷம். இதயத் துடிப்பையே குலைத்துவிடும். மாலையாகக் கட்டி அம்மனுக்கோ முருகனுக்கோ சாத்துவதில் ஒரு தவறும் இல்லை. வாய்க்குப் போகும் எதோடும் அது சேரக் கூடாது, அவ்வளவுதான்.

சூரமங்கலம் வாசகர்: ஏற்காட்டில் ஒரு பங்களா வேலியில் பேஷன் ஃப்ரூட் கொடி பூத்திருந்தது. என் மனைவி அதைப் பாண்டவர் பூ என்றார். தோட்டக்காரர், இயேசு பாடுபட்டதைக் காட்டும் பூ என்றார். எது சரி?

இன்றைக்கு வந்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான். அந்தப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். வெளியே பத்து இதழ்கள் போலத் தெரியும். உண்மையில் ஐந்து புல்லி, ஐந்து அல்லி. அதற்கு உள்ளே வட்டமாக மெல்லிய இழைகள், அடியில் ஊதா, நுனியில் வெள்ளைச் சுருள். நடுவே ஒரு சிறு தண்டு எழும்பி நிற்கும். அதில் ஐந்து மகரந்தப் பைகள், அவற்றுக்கு மேலே பச்சைச் சூலகம், உச்சியில் மூன்று சூல்முடிகள்.

தென் அமெரிக்காவுக்குப் போன பாதிரிமார்கள் இந்த இனத்துப் பூக்களைப் பார்த்துவிட்டு இழை வட்டத்தை முள்முடி என்றார்கள். ஐந்து பைகள் ஐந்து காயங்கள், மூன்று சூல்முடிகள் மூன்று ஆணிகள், சுருண்ட பற்றுக்கம்பி சாட்டை. பத்து இதழ்கள், பன்னிரண்டு சீடர்களில் காட்டிக்கொடுத்த யூதாசையும் மறுதலித்த பேதுருவையும் விட்டால் மிச்சமுள்ள அப்போஸ்தலர்கள். நம் ஊரிலோ இழைகள் நூறு கௌரவர்கள், ஐந்து பைகள் பாண்டவர்கள், மூன்று முடிகள் மும்மூர்த்திகள், நடுவில் கிருஷ்ணர். இரண்டு பேருமே பூவை உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள். ஐந்தும் மூன்றும் பூவிலேயே இருக்கின்றன. காயமா, பாண்டவரா என்பது பார்க்கிறவர் மனதில் ஏற்கனவே இருந்த கதை. உங்கள் மனைவி சொன்னதும் சரி, தோட்டக்காரர் சொன்னதும் சரி.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: மகாபாரத காலத்துப் பூவைப் போய் வெளிநாட்டுப் பூ என்பது நியாயமா?

கோபம் வேண்டாம் ஐயா. கொடி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது, இதில் சந்தேகமே இல்லை. கடல் கடந்து வந்த பிறகுதான் நம் மக்கள் அதில் பாண்டவர்களைக் கண்டிருக்க முடியும். அதனால் பக்தி குறைந்துவிடாது. நாகலிங்கப் பூவைப் பாருங்கள்: லிங்கமும் அதன் மேல் படமெடுத்த பாம்பும் அச்சாகத் தெரியும், சிவன் கோயில்களில் அந்த மரத்தை ஆசையாக வளர்க்கிறோம். அதுவும் தென் அமெரிக்க மரம்தான்.

ஏற்காடு வாசகர்: அப்படியென்றால் பேஷன் ஃப்ரூட் பூ முதலில் கிறிஸ்தவர்களான எங்கள் பூ என்றுதானே ஆகிறது?

இல்லை தம்பி. பாதிரிமார்கள் போய் இறங்குவதற்கு முன்பே அந்த மண்ணின் மக்கள் இந்தப் பழத்தைத் தின்றுகொண்டிருந்தார்கள். யாருக்கு முதல் உரிமை என்று நாம் அடித்துக்கொள்வதில் பொருள் இல்லை.

செவ்வாய்ப்பேட்டை வாசகர் (மறுபடியும்): ஆயுத பூஜைக்குப் போடும் செண்டுமல்லியும் வெளிநாடு என்பீர்களா?

ஆமாம், மெக்சிகோ. அங்கே நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களை நினைத்து இதே பூவைக் குவிக்கிறார்கள். இங்கேயும் நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று கல்லறைகளில் செண்டுமல்லியைப் பார்த்திருப்பீர்கள். சம்பங்கியும் அந்த நாட்டுப் பூதான். நமக்கே உரிய பூ வேண்டுமானால் கபிலரின் குறிஞ்சிப்பாட்டைப் படியுங்கள், 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார். அதில் செண்டுமல்லி கிடையாது. இந்த வாதத்தை இதோடு விடுவோம், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கொண்டலாம்பட்டி வாசகர்: சிவனுக்குத் தாழம்பூ ஆகுமா?

முதல் பதிலைப் பாருங்கள்.

ஆத்தூர் மாணவி: புத்தருக்கும் தாமரை, லட்சுமிக்கும் தாமரை. எப்படி சார்?

சேற்றில் முளைத்தும் இலையில் சேறோ தண்ணீரோ ஒட்டாது. அதைப் பார்த்தவர்கள் எல்லோருக்குமே தூய்மைதான் நினைவுக்கு வந்திருக்கிறது. சமணத்திலும் தாமரை உண்டு. இதற்கு நீ தொலைவில் போக வேண்டாம். உங்கள் ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரில் புத்தர் இருக்கிறார். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று மக்கள் கும்பிட்டு வந்த சிலையைத் தொல்லியல் துறை ஆராய்ந்தது. தாமரைப் பீடம், தியான முத்திரை, சுருள்முடி, நீண்ட காது என்று அடையாளங்களைக் கணக்கில் எடுத்து, அது புத்தர் சிலைதான் என்று அறிக்கை கொடுத்தார்கள். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சிலையை அடையாளம் காணப் பீடத்துப் பூவும் உதவியிருக்கிறது, பார்.

அம்மாபேட்டை வாசகர்: சொறிக்கு அரளி இலையை அரைத்துப் பூசலாமா?

கூடாது. தோல் மருத்துவரைப் பாருங்கள்.

குகை வாசகி: ஆடியில் பூச்சாட்டுதல் எதற்கு?

கோட்டை மாரியம்மனுக்குத் திருவிழா தொடங்கிவிட்டது என்று ஊருக்கு அறிவிப்பது. அம்மனுக்குப் பூவைச் சாத்திவிட்டால் அதுதான் கொடியேற்றம் மாதிரி.

சங்ககிரி வாசகர்: எருக்கம்பூ விநாயகருக்கு ஏன்?

வேலியோரம் தானாக வளர்வது, காசில்லாதவரும் பறித்துச் சாத்தலாம் என்பது என் கருத்து. பறிக்கும்போது பால் கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பார்வையே போகலாம்.

ஓமலூர் வாசகி: பொங்கல் பிரசாதத்தில் அரளி இதழ் கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாமா?

வேண்டாம் அம்மா. சாமி கோபிக்க மாட்டார். அந்தப் பொங்கலைக் குழந்தைகளுக்கோ மாட்டுக்கோ கூடக் கொடுக்காதீர்கள், மாட்டுக்கும் அது விஷம்தான். படையல் இலைக்கு மேல் அரளி வைக்க வேண்டாம் என்று பூசாரியிடமும் பக்குவமாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.