சினிமா வாய்ப்புக்கு ‘அட்ஜஸ்ட்’ பண்ணச் சொன்னால், வடசென்னைப் பெண் எங்கே புகார் தருவது?

ஆடிஷனுக்கு மட்டும் போயிருந்தாலும் 2013-ம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் பொருந்தும். 10 பேருக்குக் குறைந்த கம்பெனி, அல்லது தொல்லை தந்தவரே தயாரிப்பாளர் என்றால் மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கு எழுதுங்கள். ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில், பீச் ஸ்டேஷன் பக்கம்தான். புகார் 6 பிரதிகள், சாட்சிகளின் பெயர், முகவரியோடு.

பெரும்பாலும் கோட்டைவிடுவது கெடுவில். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னொரு 3 மாதம் கிடைக்கும். ‘படம் முடியட்டும்’ என்று ஏஜென்ட் சொல்வதே இதைக் கடத்தத்தான். வாட்ஸ்அப் சாட்டை அழிக்காதீர்கள். நம்பர், தேதி தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்.

வேலை தருவதாக ஏமாற்றி உறவு கொண்டிருந்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) 69-வது பிரிவு, 10 ஆண்டு வரை சிறை. வேறு ஏரியாவில் நடந்தாலும் ராயபுரத்திலேயே எஃப்ஐஆர் போடலாம். அவசரத்துக்கு மகளிர் உதவி எண் 181.