மாரியோ ஏன் வேகமாக ஓடுகிறார்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பரணைச் சுத்தம் செய்தபோது, தொண்ணூறுகளில் அண்ணனும் நானும் ஆடிய டிவி கேம் செட் கிடைத்தது. இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி, ஐந்து கேசட் இருக்கின்றன. அடாப்டரைக் காணோம். செட்டை ஓடவைக்கும் முன் ஆசை தாங்காமல் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு மாரியோ ஆடினேன். ஆட்டம் எனக்குப் பழக்கமானதைவிட வேகமாக ஓடுகிறது, பாட்டும் அப்படியே. "உனக்கு வயசாயிடுச்சுடா" என்கிறார் அண்ணன். உண்மையா?

செட்டுக்கு எந்த அடாப்டர் போடவேண்டும்? கேசட்டுகளை எப்படிச் சுத்தம் செய்வது? துப்பாக்கி இப்போதைய டிவியில் வேலை செய்யுமா? இனி கொஞ்சம் கொஞ்சமாகச் சேகரிக்கலாம் என்றிருக்கிறேன். ஜப்பானிலிருந்து அசல் நின்டெண்டோ செட்டையே வரவழைத்துவிடலாமா?

க.,
திண்டுக்கல்

அன்புள்ள க.,

வயது காரணமில்லை. நீங்கள் சிறுவயதில் ஆடிய மாரியோ உண்மையிலேயே மெதுவானது, ஆறில் ஒரு பங்கு.

1983 ஜூலையில் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம், அந்த ஊர் டிவிக்கு ஏற்ப நொடிக்கு 60 படம் காட்டும். நம்மூர் டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50. அந்தக் கால ஆட்டங்கள் நேரத்தை நொடியில் அளப்பதில்லை, படக்கணக்கில்தான் அளக்கும். ஒரு படத்துக்கு இத்தனை புள்ளி நகரவேண்டும், இத்தனை படத்துக்கு ஒருமுறை சுரம் மாறவேண்டும் என்றே நிரல் எழுதியிருப்பார்கள். 60 படம் 50 ஆகும்போது ஓட்டம், குதிப்பு, எதிரி, பாட்டு எல்லாமே சேர்ந்து தளர்கின்றன.

பரணிலிருந்து நீங்கள் எடுத்தது நின்டெண்டோ செய்த செட் அல்ல. தைவானிலும் சீனாவிலும் செய்த ஃபேமிகாம் குளோன். இந்தக் குளோன்களை மட்டமான நகல் என்று தள்ளிவிடுவோர் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐரோப்பாவில் நின்டெண்டோவே விற்ற 50 படச் செட்டில் பிராசசர் 1.66 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஜப்பான் செட்டில் 1.79. ஜப்பான் கேசட்டை ஐரோப்பியச் செட்டில் ஓட்டினால், பிராசசருக்கும் படச் சிப்புக்கும் உள்ள கணக்கு மாறிப்போய் சில ஆட்டங்களில் திரை குலையும், சுருதியும் ஒரு அரைச்சுரத்துக்கு மேல் இறங்கும். தைவானின் யூஎம்சி நிறுவனம் செய்த யூஏ6527பி, யூஏ6538 என்ற ஜோடிச் சிப்புகள் இதை அழகாகச் சமாளித்தன. பிராசசரை 1.77 மெகாஹெர்ட்ஸில் வைத்து, பிராசசர் ஒரு அடி வைத்தால் படச் சிப் மூன்று அடி என்ற ஜப்பான் விகிதத்தைக் காப்பாற்றின. 50 படத்துக்காகக் கூடுதலாகச் சேர்ந்த 50 திரை வரிகளை, படம் முடிந்த இடத்தில் சும்மா கடந்துபோகவிட்டன. அதனால் ஜப்பான் கேசட்டுகள் குலையாமல் ஓடின. பாட்டின் சுருதி கிட்டத்தட்ட அசலாகவே நின்றது, தாளம் மட்டும் தளர்ந்தது. உங்கள் காதில் பதிந்திருப்பது அந்தப் பாட்டு.

சோதித்துப் பார்க்க ஸ்டாப்வாட்ச் போதும். சூப்பர் மாரியோவின் முதல் கட்டத்தில் நேரம் 400 என்று தொடங்கும். அதில் ஒவ்வொரு எண்ணும் குறைய 24 படம் ஆகும். ஆட்டம் தொடங்கியதும் நகராமல் நில்லுங்கள். 400 என்பது 300 ஆக 40 நொடி எடுத்தால் அது 60 படம். 48 நொடி எடுத்தால் 50 படம், அதாவது உங்கள் மாரியோ. எமுலேட்டரில் இதைக் கொண்டுவருவதும் எளிது. மெசென், எஃப்சிஇயூஎக்ஸ் என்ற எமுலேட்டர்கள் இரண்டிலும் ரீஜன் தேர்வில் 'டென்டி' என்று ஒன்று இருக்கும். ரஷ்யாவில் 1992 முதல் விற்ற குளோனின் பெயர் அது. 'பால்' என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அது ஐரோப்பியச் செட். மானிட்டரையும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 50 படம் ஓடினால் திரை நகரும்போது விட்டுவிட்டு இடறும்.

இனி செட். அடாப்டரில் அவசரம் வேண்டாம். இத்தகைய செட்கள் பெரும்பாலும் 9 வோல்ட் டிசி. ஆனால் ஜாக்கின் நடு முனை பாசிட்டிவா நெகட்டிவா என்பது செட்டுக்குச் செட் மாறும். அடியில் ஸ்டிக்கரோ அச்சோ இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை ஏவி சாக்கெட்டின் வெளி வளையத்தில் தொடுங்கள். அதுதான் கிரவுண்ட். மறுமுனையை அடாப்டர் ஜாக்கின் நடு ஊசியில் வையுங்கள். பீப் வந்தால் நடு நெகட்டிவ். வெளித் தகட்டில் வந்தால் நடு பாசிட்டிவ். இரண்டிலும் வராவிட்டால் இடையில் டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) இருக்கிறது. மூடியைத் திறந்து, தடம் எங்கே போகிறது என்று பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

9 வோல்ட், 1 ஆம்பியர் ரெகுலேட்டட் அடாப்டர் வாங்குங்கள். ஆம்பியர் கூடுதலாக இருப்பதால் ஒன்றும் ஆகாது. வோல்ட்தான் கூடக்கூடாது. உள்ளே 7805 என்ற மூன்றுகால் ரெகுலேட்டர் 9 வோல்ட்டை 5 ஆக்குகிறது, மீதியை வெப்பமாகத் தள்ளுகிறது. செட் 0.4 ஆம்பியர் இழுத்தால் 9 வோல்ட்டில் 1.6 வாட் வெப்பம், 12 வோல்ட்டில் 2.8 வாட். குளோன்களில் அதற்கு மாட்டியிருக்கும் தகடு சின்னது, தாங்காது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய கனமான அடாப்டர்கள் 9 என்று எழுதியிருந்தும் சுமையில்லாதபோது 12, 13 வோல்ட் காட்டும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கேசட் போடாமல் முதலில் ஆன் செய்து 7805-இன் வெளிக்காலில் அளந்து பாருங்கள். 4.75-இலிருந்து 5.25 வரை இருந்தால் கேசட் போடலாம். படத்தில் கருப்புப் பட்டை மெல்ல ஏறியிறங்கி, ஸ்பீக்கரில் உறுமல் கேட்டால், பவர் பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டர் வற்றிவிட்டது. போர்டில் அச்சிட்ட அதே மைக்ரோஃபாரடில், 25 வோல்ட் தாங்கும் புதியது போட்டால் தீரும்.

கேசட்டுகளை ஊதாதீர்கள். வாயின் ஈரம் தொடுமுனைகளை அரிக்கும். நாம் ஊதியபோது சரியானது, கேசட்டைக் கழற்றி மாட்டியதால். ரிச்சி தெரு மாதிரியான எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். காது பஞ்சை அதில் நனைத்து, முனைகளின் நீளவாக்கில் தேயுங்கள், குறுக்கே வேண்டாம். பஞ்சு கருக்காமல் வரும்வரை மாற்றி மாற்றிச் செய்து, பத்து நிமிடம் காயவிடுங்கள். தின்னரும் பெட்ரோலும் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். உப்புத்தாள் கூடவே கூடாது. குளோன் கேசட்டுகளில் முலாம் மிக மெல்லியது, ஒருமுறை தேய்த்தாலே செம்பு தெரிந்துவிடும், பிறகு அது கறுத்துக்கொண்டே இருக்கும். கறை விடாப்பிடியாக இருந்தால் வெள்ளை பென்சில் ரப்பரால் இலேசாகத் தடவி, மறுபடி ஐபிஏ. செட்டின் ஸ்லாட்டுக்கு, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையில் பஞ்சுதிராத துணியைச் சுற்றி நனைத்து, நாலைந்து முறை இறக்கி ஏற்றுங்கள். துணியோடு சேர்ந்த தடிமன் கேசட் போர்டின் தடிமனைத் தாண்டக்கூடாது. தாண்டினால் உள்ளே இருக்கும் சுருள்தகடுகள் விரிந்து, அதன்பின் எந்தக் கேசட்டும் பிடிக்காது.

சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால், கோளாறு எங்கே என்று திரையே சொல்லும். கேசட்டில் 60 முனைகள். ஒரு பகுதி பிராசசருக்கு, இன்னொரு பகுதி படச் சிப்புக்கு. திரை ஒரே நிறத்தில் உறைந்து நின்றால் பிராசசர் பக்க முனை தொடவில்லை. ஆட்டம் ஓடுகிறது, சத்தமும் வருகிறது, ஆனால் மாரியோ எழுத்தும் கோடுமாகச் சிதறித் தெரிகிறார் என்றால் படச் சிப் பக்கம். நின்றால் சரியாக இருந்து, திரை நகரும்போது மட்டும் பின்னணி கலைந்தால் 18-ஆம் முனையைப் பாருங்கள். திரையின் அடுத்த பாதி எங்கிருந்து வரவேண்டும் என்று தீர்மானிப்பது அந்த ஒரு கோடு. படம் முழுதாக வந்து சத்தம் மட்டும் இல்லாவிட்டால் 45, 46. ஒரு வரிசையின் நட்டநடுவில் அடுத்தடுத்து இருக்கும். ஃபேமிகாமின் ஒலி செட்டிலிருந்து கேசட்டுக்குள் போய்த்தான் டிவிக்குத் திரும்பும். கேசட்டில் கூடுதல் ஒலிச் சிப் வைக்க விரும்புகிறவர்களுக்காக விட்ட வழி அது. சாதாரணக் கேசட்டில் அந்த இரண்டையும் வெறுமனே இணைத்திருப்பார்கள். குளோன்கள் எல்லாம் இதைப் பின்பற்றவில்லை, பின்பற்றிய செட்டில் ஒரு தூசு போதும், ஊமையாகிவிடும்.

ஜாய்ஸ்டிக்கில் வயர் உள்ளே நுழையும் இடத்தில் அறுபடுவது வழக்கம். ஐந்தே வயர்தான்: 5 வோல்ட், கிரவுண்ட், லாட்ச், கிளாக், டேட்டா. ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் பீப் பார்த்து, அறுந்த இடத்துக்கு இரண்டங்குலம் தாண்டி வெட்டி மறுபடி பற்றவைக்கலாம். பட்டன் அழுத்தினால் கேட்கவில்லை என்றால் ரப்பருக்கு அடியிலுள்ள கரித்துண்டையும் போர்டையும் ஐபிஏ-வால் துடையுங்கள். ஒன்பது ஊசி பிளக் சேகா ஜாய்ஸ்டிக் மாதிரியே இருக்கும், அதை எடுத்து இதில் செருகாதீர்கள். உருவம்தான் ஒன்று, உள்ளே வயர் வரிசை வேறு.

துப்பாக்கிக்கு வருகிறேன். எல்இடி டிவியில் வேலை செய்யாது, எந்த கன்வர்ட்டர் போட்டாலும் செய்யாது. விசையை அழுத்தியதும் ஆட்டம் திரையை ஒரு கணம் கருப்பாக்கி, வாத்து போன்ற இலக்கு இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் போடுகிறது. துப்பாக்கிக் குழலில் உள்ள ஒளியுணரி அந்த வெள்ளையைத் தேடுகிறது. பல்பைக் காட்டி ஏமாற்றாமலிருக்க, பிக்சர் டியூபில் வரிவரியாக எழுதும் கதிரின் துடிப்பை மட்டும், நொடிக்குப் பதினையாயிரத்துச் சொச்சம், ஏற்கும்படி அதன் சுற்றை அமைத்திருப்பார்கள். எல்இடி திரையில் அந்தத் துடிப்பும் இல்லை, படமும் தாமதமாக வருகிறது. ஆகவே டியூப் டிவி ஒன்று தேவை. 14 அல்லது 21 அங்குலம், ஏவி உள்ளீடு இருக்கவேண்டும். பழையது வாங்கி உள்ளே தூசு தட்டலாம் என்று பின்மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். டிவி மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

துப்பாக்கியை விட்டால் மற்ற ஆட்டங்களை எல்இடி டிவியின் ஏவியில் ஆடலாம். மலிவான ஏவி-எச்டிஎம்ஐ பெட்டிகள் வேண்டாம். அவை இந்தப் படத்தை ஒன்றுவிட்ட வரிகளாக வரும் டிவி ஒளிபரப்பென்று எண்ணிக் கலக்கிவிடும், பட்டனுக்கும் குதிப்புக்கும் இடையே தாமதமும் சேரும். ரெட்ரோடிங்க் போல இதற்கென்றே செய்த கருவிகள் விலை அதிகம், ஆனால் அந்தப் பிழையைச் செய்யாது.

ஜப்பான் செட்டுக்கு என் பதில், இப்போது வேண்டாம் என்பது. 1983-இன் ஃபேமிகாமில் ஏவி கிடையாது, ஆன்டெனா வழிதான். அது பயன்படுத்தும் ஜப்பான் சேனல்கள் 91, 97 மெகாஹெர்ட்ஸை ஒட்டியவை, ஒலிக்கும் படத்துக்கும் உள்ள இடைவெளி அங்கே 4.5 மெகாஹெர்ட்ஸ், இங்கே 5.5. நம் டிவியில் படம் பிடித்தாலும் ஒலி பிடிக்காது. அதன் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது, நம் 230-இல் செருகினால் எரியும். 1993-இல் வந்த ஏவி ஃபேமிகாம் பரவாயில்லை, என்டிஎஸ்சி என்ற ஜப்பான் ஒளிபரப்பு முறையை ஏற்கும் டிவியில் ஓடும். ஆனால் இரண்டுமே 60 படம். நீங்கள் அண்ணனோடு ஆடிய வேகம் எந்த ஜப்பான் செட்டிலும் கிடைக்காது. அமெரிக்கச் செட் என்றால் 72 முனை ஸ்லாட், உங்கள் கேசட் உட்காரவே உட்காராது.

சேகரிக்க ஆசைப்படுகிறீர்கள், அதற்கு நம்மூர்க் குளோன்களே போதும், நிறைய இருக்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் பழைய இரும்புக் கடைகளிலும் கண்ணில் பட்டால் திருகைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே நாற்பது காலுள்ள இரண்டு பெரிய சிப்புகள் இருந்தால் அது பழைய, நல்ல வகை. ஒரே ஒரு கருப்புத் தார்ப்பொட்டு இருந்தால் எல்லாவற்றையும் ஒரே சிப்பில் அடக்கிய பிந்தைய வகை. அதிலும் ஆடலாம், ஆனால் பழுதானால் சரிசெய்ய வழியில்லை. அவற்றில் பலவற்றில் ஒலியின் இரண்டு அலைவடிவங்கள் இடம் மாறியிருக்கும், பாட்டு மூக்கால் பாடுவதுபோல் கேட்கும்.

கேசட்டில் 9999 என்று எழுதியிருப்பதற்குக் காசு கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது சில பத்து ஆட்டங்கள், மீதியெல்லாம் அதே ஆட்டம் வேறு கட்டத்திலிருந்து தொடங்குவது. டாங்க் என்று நாம் சொன்ன பேட்டில் சிட்டி (நாம்கோ, 1985), ரோட் ஃபைட்டர், லோட் ரன்னர், எக்ஸைட்பைக் ஆகியவையே எங்கும் வருவதற்குக் காரணம் அளவு. பேட்டில் சிட்டி 24 கிலோபைட், சூப்பர் மாரியோ 40. கான்ட்ரா 128-க்குக் குறையாது, அதனால்தான் அது பெரும்பாலும் தனிக் கேசட்டாகவோ நாலைந்து ஆட்டங்களோடோ வந்தது.

உங்களிடம் இருக்கும் ஐந்தையும் முதலில் சுத்தம் செய்து, ஒவ்வொன்றின் லேபிளையும் உள்போர்டின் இரு பக்கத்தையும் மெனுத் திரையையும் படமெடுத்து வையுங்கள். பல ஆட்டங்களை அடக்கி நம்மூரில் விற்ற மெனுக் கேசட்டுகளுக்குச் சரியான பட்டியலே இல்லை. கேசட் போர்டின் தார்ப்பொட்டுக்குள் மயிரிழைக் கம்பி விட்டுப்போனால் அந்தக் கேசட் போனதுதான், திறந்து பார்க்க முடியாது. 60 முனைக் கேசட்டைப் படிக்கும் யுஎஸ்பி டம்பர் வைத்திருக்கும் யாராவது கிடைத்தால், ஓடும் நிலையில் இருக்கும்போதே ஐந்தையும் நகலெடுத்துவிடுங்கள்.